854 ஓட்டு வித்தியாசம்

வாசகர் கேள்விகளுக்கு, திருநெல்வேலியில் அரசுக் குற்றவியல் வழக்கறிஞராக இருந்து ஓய்வு பெற்றவரின் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றியவை. சென்ற இதழில், சாட்சிகளைப் பாதுகாப்பது பற்றிய பதிலில், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஒருவர் அட்டர்னி ஜெனரல் என்ற தலைமைச் சட்ட அதிகாரி பதவிக்கு ஜெயித்தும் அந்த நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே சுட்டுக் கொல்லப்பட்டார் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு இத்தனை பேர் கேட்டதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். பட்டா, பாகப்பிரிவினைக் கேள்விகளை அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருச்சியிலிருந்து ஒரு சட்டக் கல்லூரி மாணவி: அமெரிக்காவில் மாநில அட்டர்னி ஜெனரலை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்களா ஐயா? நம் அட்வகேட் ஜெனரலும் அவரும் ஒன்றுதானா?

ஆமாம் அம்மா, பெரும்பாலான மாநிலங்களில் அப்படித்தான். 50 மாநிலங்களில் 43இல் நேரடித் தேர்தல். அலாஸ்கா, ஹவாய், நியூ ஹாம்ப்ஷயர், நியூ ஜெர்சி, வயோமிங் ஆகிய ஐந்தில் ஆளுநர் நியமிப்பார். மெய்ன் மாநிலத்தில் சட்டமன்றம் தேர்ந்தெடுக்கிறது. டென்னசியில் மாநில உச்ச நீதிமன்றமே ஆளைத் தேர்வு செய்கிறது.

இரண்டு பதவியும் ஒன்றல்ல. நம் அட்வகேட் ஜெனரலை அரசியல் சட்டத்தின் 165ஆம் பிரிவின்படி ஆளுநர் நியமிக்கிறார். அரசுக்குச் சட்ட ஆலோசனை சொல்வதும், உயர் நீதிமன்றத்தில் அரசுக்காக வாதாடுவதும் அவர் வேலை. ஆட்சி மாறினால் அவரும் மாறுவார். அங்கே தேர்தலில் வந்த அட்டர்னி ஜெனரலுக்கு ஆளுநரின் தயவு தேவையில்லை. ஆளுநர் ஒரு கட்சி, இவர் எதிர்க்கட்சி என்று இருப்பதும் உண்டு. மாநிலத்தின் பெயரால் தாமே வழக்குப் போடலாம். அலபாமா போன்ற மாநிலங்களில் மாவட்ட அளவிலான அரசு வழக்கறிஞர்களுக்கு மேலே நின்று, ஒரு வழக்கு சரியாக நடக்கவில்லை என்று தோன்றினால் அதைத் தம் கைக்கு எடுத்துக்கொள்ளவும் முடியும்.

இந்தக் கடைசி அதிகாரத்தை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அமர்வு நீதிமன்றத்தில் அரசுத் தரப்பில் நின்றவன். அரசு வழக்கறிஞர் எழுந்து நின்று பேசுவதைத்தான் வெளியே இருப்பவர்கள் கவனிப்பார்கள். உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும், அவர் பேசாமல் விடுவதில்தான் பெரிய அதிகாரம் இருக்கிறது. எந்தச் சாட்சியை விசாரிக்க வேண்டாம் என்று விடுகிறார், எந்த வாய்தாவுக்கு ஆட்சேபனை சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறார், எந்த வழக்குக் கட்டு பீரோவிலேயே கிடக்கிறது என்பதில் ஒரு ஊரின் தலையெழுத்தே மாறிவிடும். கீழே இருப்பவர் இப்படி விட்டுவிட்டால் மேலே கேட்பதற்கு ஒரு ஆள் வேண்டும். அலபாமாவில் அந்த ஆளைத்தான் கொன்றார்கள்.

கோவில்பட்டியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்: நீங்கள் குறிப்பிட்ட அந்தக் கொலையைப் பற்றி விரிவாக எழுதுங்களேன்.

அவர் பெயர் ஆல்பர்ட் பேட்டர்சன். உங்களைப் போல அவரும் முதலில் பள்ளி ஆசிரியராக இருந்தவர்தான், ஐயா. முதல் உலகப் போரில் பிரான்சில் படுகாயம் அடைந்து, வாழ்நாள் முழுவதும் கைத்தடி ஊன்றி நடந்தார். பிறகு சட்டம் படித்து, 1933இல் ஃபீனிக்ஸ் சிட்டி என்ற ஊருக்கு வக்கீல் தொழில் செய்ய வந்தார்.

அந்த ஊரைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். சட்டஹூச்சி ஆற்றின் மேற்குக் கரையில் ஃபீனிக்ஸ் சிட்டி. எதிர்க்கரையில் ஜார்ஜியா மாநிலத்தின் கொலம்பஸ் நகரம். அதை ஒட்டி ஃபோர்ட் பென்னிங் என்ற மிகப் பெரிய ராணுவ முகாம். சம்பள நாளில் இளம் சிப்பாய்கள் பாலத்தைத் தாண்டி இந்தக் கரைக்கு வருவார்கள். 14ஆம் தெருவில் வரிசையாகச் சூதாட்ட விடுதிகள், மதுக்கடைகள், விபச்சார விடுதிகள். தாயக்கட்டையிலும் தில்லுமுல்லு, சீட்டிலும் தில்லுமுல்லு. பையிலிருந்த சம்பளம் முழுதையும் தோற்றுவிட்டு, கைக்கடிகாரத்தை அடகுக் கடையில் வைக்கிற பையன்கள் ஏராளம். எதிர்த்துக் கேட்டவனுக்கு அடி உதை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் போர்த்துறை அமைச்சர் ஹென்றி ஸ்டிம்சன், நாட்டிலேயே மிகக் கெட்ட ஊர் என்று இதைச் சொன்னார்.

சுமார் 23,000 பேர் வாழ்ந்த ஊர். 1930களில் நகராட்சி திவாலானபோது சூதாட்டப் பணம்தான் கஜானாவைக் காப்பாற்றியது. அப்புறம் அந்தப் பணத்துக்கு ஊரே பழகிவிட்டது. மாவட்டக் காவல் தலைவரான ஷெரிப்பின் அலுவலகம், நகர நிர்வாகம், ஜூரிப் பட்டியல், வாக்குச்சாவடி என எல்லாமே சூதாட்டக்காரர்கள் கைக்குள். சூதாட்டக்காரர்களைப் பிடிக்க வேண்டியவர்கள் அவர்களிடமே மாமூல் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

பேட்டர்சன் ஆரம்பத்திலிருந்தே இவர்களை எதிர்த்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஊரின் பெரிய சூதாட்டப் புள்ளி ஹோயிட் ஷெப்பர்டு 1946இல் ஒரு கொலை வழக்கில் சிக்கியபோது, அவருக்காக ஆஜரான வக்கீல்களில் பேட்டர்சனும் ஒருவர். ஷெப்பர்டு விடுதலையானார். இதைச் சொல்லிப் பேட்டர்சனைக் குறைத்துப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கட்சிக்காரர் யாராக இருந்தாலும் அவருக்காக வாதாடுவது வக்கீலின் தொழில். அந்தக் கூட்டத்தை அவ்வளவு அருகிலிருந்து பார்த்த பிறகு அதைவிட்டு விலகி வந்தாரே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

1951இல் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருந்த ஹியூ பென்ட்லி என்பவரும் இன்னும் சிலரும் சேர்ந்து, ஊரைத் திருத்த ரஸ்ஸல் பெட்டர்மென்ட் அசோசியேஷன் என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். பேட்டர்சன் அவர்களுக்குச் சட்ட உதவி செய்தார். 1952 ஜனவரியில் பென்ட்லியின் வீட்டை வெடிவைத்துத் தகர்த்தார்கள். வீட்டுக்குள் மனைவி, மக்கள் இருந்தார்கள். எல்லோரும் உயிர் தப்பினார்கள். அதே ஆண்டு பேட்டர்சனின் அலுவலகத்துக்குத் தீ வைத்தார்கள். மே மாதத் தேர்தலன்று வாக்குச்சாவடியில் நடக்கும் முறைகேடுகளைப் பார்க்கப் போன பென்ட்லியையும் அவர் மகனையும், பத்திரிகைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடித்தார்கள். ஷெரிப்பைப் பதவி நீக்கக் கோரி வழக்குப் போட்டுப் பார்த்தார்கள், அதிலும் தோல்வி.

உள்ளூரில் எந்தக் கதவைத் தட்டினாலும் உள்ளே அதே ஆட்கள் இருந்தார்கள். அதனால்தான் பேட்டர்சன் 1954இல் மாநில அட்டர்னி ஜெனரல் பதவிக்கு நின்றார். ஃபீனிக்ஸ் சிட்டியின் ஓட்டுப்பெட்டி அவர்கள் கையில் இருக்கலாம், மாநிலம் முழுவதும் உள்ள பெட்டிகள் அவர்கள் கையில் இல்லையே. ஜெயித்தால் உள்ளூர் அரசு வழக்கறிஞர் கிடப்பில் போட்ட அத்தனை வழக்கையும் மேலேயிருந்து எடுக்கலாம். அந்தக் கணக்கு சூதாட்டக்காரர்களுக்கும் நன்றாகப் புரிந்தது.

அலபாமாவில் அப்போது ஜனநாயகக் கட்சியைத் தவிர வேறு கட்சிக்கு இடமே கிடையாது. கட்சிக்குள் நடக்கும் வேட்பாளர் தேர்வுதான் நிஜமான தேர்தல், நவம்பரில் நடப்பது வெறும் சடங்கு. மே 4ஆம் தேதி முதல் சுற்று. பேட்டர்சன் முதலிடம், கேட்ஸ்டன் நகரத்து வக்கீல் லீ போர்ட்டர் இரண்டாமிடம். மூன்றாவதாக வந்த மெக்டொனால்டு கேலியன், பேட்டர்சனுக்கு ஆதரவு தெரிவித்தார். ஜூன் 1ஆம் தேதி இரண்டாம் சுற்று. கடைசியில் 854 ஓட்டு வித்தியாசத்தில் பேட்டர்சன் வென்றதாக அறிவித்தார்கள்.

பதவியேற்க ஜனவரி வரை காத்திருக்க வேண்டும். உயிரோடு இருந்து பதவியேற்க நூற்றில் ஒரு வாய்ப்புதான் என்று அவரே ஒரு கூட்டத்தில் பேசியிருக்கிறார். ஜூன் 18, வெள்ளிக்கிழமை இரவு. கூல்டர் கட்டடத்தில் இருந்த தம் அலுவலகத்தில் கடிதங்களை முடித்துவிட்டு, ஒன்பது மணி சுமாருக்குக் கீழே இறங்கினார். கட்டடத்தை ஒட்டிய சந்தில் கார் நின்றது. கைத்தடியோடு மெதுவாகத்தான் அவரால் நடக்க முடியும். காருக்குப் பக்கத்தில் வைத்து மிக அருகிலிருந்து சுட்டார்கள். ஒரு குண்டு வாயில் பாய்ந்தது. அந்த நிலையிலும் சந்திலிருந்து நடைபாதை வரை நடந்து வந்து விழுந்தார். வயது 60.

அடுத்த திங்கட்கிழமை பர்மிங்காமில், வாக்கு மோசடி பற்றி விசாரித்துக்கொண்டிருந்த கிராண்ட் ஜூரி முன்னால் அவர் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. கிராண்ட் ஜூரி என்றால், ஒரு குற்றச்சாட்டைப் பதிவு செய்யப் போதிய ஆதாரம் உண்டா என்று பார்ப்பதற்காகக் கூடும் பொதுமக்கள் குழு. அந்தச் சாட்சியம் வெளியே வரவே இல்லை.

விருதுநகரிலிருந்து அச்சகத் தொழிலாளி: வாக்கு மோசடி என்கிறீர்களே, பெட்டியையே மாற்றினார்களா?

பெட்டியைத் தொடவே இல்லை, தம்பி. தாளில் இருந்த எண்ணை மாற்றினார்கள்.

கட்சிக்குள் நடக்கும் தேர்தல் என்பதால், ஒவ்வொரு மாவட்டத்திலும் கட்சிக் குழுவின் தலைவர்தான் மொத்தக் கணக்கைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டு மாநிலத் தலைமைக்கு அனுப்புவார். பர்மிங்காம் நகரம் இருக்கும் ஜெஃபர்சன் மாவட்டம் மாநிலத்திலேயே பெரியது. அங்கே கட்சிக் குழுத் தலைவராக இருந்தவர் ஓர் இளம் வக்கீல். அவரிடம் இரண்டு பேர் போனார்கள். ஒருவர் அப்போது பதவியில் இருந்த அட்டர்னி ஜெனரல் சை கேரட். மற்றவர் ஃபீனிக்ஸ் சிட்டி வட்டார அரசு வழக்கறிஞர் ஆர்ச் ஃபெரல். மாநிலத்தின் முதல் சட்ட அதிகாரியும், வழக்கு நடத்த வேண்டிய அரசு வழக்கறிஞரும்! போர்ட்டருக்குச் சுமார் 600 ஓட்டு கூடுதலாகக் காட்டும்படி எண்கள் திருத்தப்பட்டன. முதலில் வெளிவந்த எண்ணிக்கைக்கும் அதிகாரபூர்வமாகப் போன எண்ணிக்கைக்கும் ஒத்துப்போகாததால் விஷயம் வெளியே வந்தது. அந்த இளம் வக்கீல் பிறகு நடந்ததை ஒப்புக்கொண்டு சாட்சியம் சொன்னார்.

நீங்கள் அச்சுத் தொழிலில் இருப்பவர், ஒரு இலக்கத்தை மாற்ற எத்தனை விநாடி ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். நம் ஊரில் பூத் ஏஜென்ட், சாவடியில் பதிவான ஓட்டுக் கணக்கைக் காட்டும் 17சி படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்கிறாரே, அது இதற்காகத்தான். அடியில் எண்ணிய எண் பல பேர் கையில் இருந்தால் மேலே மாற்றுவது கஷ்டம். ஏஜென்டாக உட்காரும் இளைஞர்கள் அதை வாங்காமல் கிளம்பிவிடுவதை நான் பல தேர்தல்களில் பார்த்திருக்கிறேன். அது எனக்குக் கோபம் வரவழைக்கும் விஷயம். தயவுசெய்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னையிலிருந்து ஒரு இளம் வழக்கறிஞர்: கொலையாளிகளுக்குத் தண்டனை கிடைத்ததா சார்?

பாதிதான் கிடைத்தது என்பேன்.

கொலை நடந்ததும் ஆளுநர் கார்டன் பெர்சன்ஸ், தளபதி வால்டர் ஹன்னா தலைமையில் நேஷனல் கார்டு என்ற மாநில ராணுவப் படையை ஊருக்குள் அனுப்பினார். விசாரணை நடத்த வேண்டிய அதிகாரிகள் மீதே சந்தேகம் இருந்தால் வேறு என்ன செய்வது? ஜூலை 22ஆம் தேதி ராணுவ நிர்வாகம் அறிவிக்கப்பட்டது. ஷெரிப்பின் ஆட்களிடமிருந்தும் உள்ளூர்ப் போலீஸிடமிருந்தும் துப்பாக்கிகளை வாங்கிக்கொண்டு, சட்டம் ஒழுங்கைப் படையே கவனித்தது. சூதாட்ட இயந்திரங்களைத் தேடித் தேடி உடைத்தார்கள். வெளியூரிலிருந்து நீதிபதி வந்தார், புதிய ஜூரிப் பட்டியல் தயாரானது, 700க்கும் மேற்பட்ட குற்றச்சாட்டுகள் பதிவாயின. அத்தனை ஆண்டுகள் ஆதாரம் இல்லை, சாட்சி இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்த ஊரில், ஆள் மாறியதும் சில மாதங்களில் எல்லாம் கிடைத்தது. பயம் போனால் சாட்சி வரும். நம் நீதிமன்றங்களில் பிறழ்சாட்சி ஆகிறவர்களைப் பணம் வாங்கியவர்கள் என்றே எல்லோரும் பேசுகிறோம். என் அனுபவத்தில் அவர்களில் பலர் பயந்தவர்கள், அவ்வளவுதான்.

கொலை வழக்கில் மூன்று பேர் மீது குற்றச்சாட்டு. துணை ஷெரிப் ஆல்பர்ட் ஃபுல்லர், அரசு வழக்கறிஞர் ஆர்ச் ஃபெரல், அட்டர்னி ஜெனரல் சை கேரட். ஃபுல்லருக்கு 1955இல் ஆயுள் தண்டனை. சுமார் பத்து ஆண்டுகள் சிறையில் இருந்துவிட்டுப் பரோலில் வெளியே வந்தார். தாம் நிரபராதி என்றே கடைசிவரை சொன்னார். ஃபெரல், கொலை நேரத்தில் தாம் பர்மிங்காமில் இருந்த கேரட்டோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்ததாக வாதிட்டார். ஜூரி அவரை விடுதலை செய்தது. கேரட் கொலைக்குப் பிறகு டெக்சாஸில் ஒரு மனநல மருத்துவமனையில் சேர்ந்தார். அவர் மீது விசாரணையே நடக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து வழக்கு கைவிடப்பட்டது.

கேரட் விஷயம்தான் என்னை உறுத்துகிறது. குற்றவாளியோ நிரபராதியோ, ஒரு மாநிலத்தின் சட்டத் தலைவர் மீது கொலைக் குற்றச்சாட்டு வந்தால் அது நீதிமன்றத்தில் பேசித் தீர வேண்டும். அவருக்காகவும் அது தீர்ந்திருக்க வேண்டும்.

ஆற்றுக்கு அக்கரையிலிருந்து இதையெல்லாம் விடாமல் எழுதிய கொலம்பஸ் லெட்ஜர் பத்திரிகைக்கும் அதன் ஞாயிறு பதிப்புக்கும் 1955இல் பொதுச்சேவைக்கான புலிட்சர் பரிசு கொடுத்தார்கள்.

மதுரையிலிருந்து கல்லூரி மாணவர்: இறந்தவரின் மகனுக்கே பதவியைக் கொடுத்தார்களாமே, அது வாரிசு அரசியல் இல்லையா?

அனுதாப அலை என்று நாம் சொல்வோமே, அதுதான் நடந்தது. மகன் ஜான் பேட்டர்சனுக்கு அப்போது 32 வயது. ராணுவத்தில் இருந்தவர், அப்பாவின் அலுவலகத்திலேயே வக்கீல். கட்சி அவரை வேட்பாளராக்கியது, நவம்பரில் எதிர்ப்பே இல்லாமல் ஜெயித்தார். 1955 ஜனவரியில் அட்டர்னி ஜெனரல் ஆனார்.

வாரிசு என்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அவர் அந்த அதிகாரத்தை எதற்குப் பயன்படுத்தினார் என்பது. சூதாட்டக் கும்பல் திரும்பத் தலையெடுக்காமல் பார்த்துக்கொண்டார், அது உண்மை. அதே கையால் 1956இல் என்.ஏ.ஏ.சி.பி. என்ற கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்தை அலபாமாவில் செயல்பட விடாமல் தடுக்க வழக்குப் போட்டார். மான்ட்காமரியில் கறுப்பின மக்கள் பேருந்துகளைப் புறக்கணித்துக்கொண்டிருந்த நேரம் அது. வெளிமாநில நிறுவனம் முறைப்படி பதிவு செய்யவில்லை என்பதுதான் சொன்ன காரணம். தடை உத்தரவு போட்ட நீதிபதி வால்டர் ஜோன்ஸ். யார் தெரியுமா? ஃபீனிக்ஸ் சிட்டியைச் சுத்தம் செய்த வழக்குகளை நடத்தியவரும் அவரேதான்.

சங்கத்தின் உறுப்பினர் பட்டியலைக் கொடு என்றார்கள். கொடுத்தால் ஒவ்வொரு உறுப்பினருக்கும் வேலை போகும், வீட்டில் குண்டு விழும். சங்கம் மறுத்தது. 10,000 டாலர் அபராதம் போட்டு, பிறகு அதை 1,00,000 டாலர் ஆக்கினார்கள். 1958 ஜூன் 30ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம், பட்டியலைக் கொடுக்கத் தேவையில்லை என்று ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது. அதற்கு அப்புறமும் அலபாமா இழுத்தடித்து, 1964 வரை சங்கத்தை அந்த மாநிலத்தில் இயங்க விடவில்லை.

வீட்டில் வெடி வைத்தால் எப்படி இருக்கும் என்று பேட்டர்சன் குடும்பத்துக்கும் அவர்கள் நண்பர்களுக்கும் தெரியாதா? அப்பாவை அதே கொடுமையில் பறிகொடுத்தவர், இன்னொரு மக்கள் கூட்டத்தை அந்தப் பயத்துக்குள் தள்ளினார். இதை எத்தனை முறை படித்தாலும் என்னால் எளிதில் தாண்டிப் போக முடியவில்லை.

காரணத்தைத் தேடினால் வாக்குச்சீட்டில் இருக்கிறது. அன்றைய அலபாமா ஜனநாயகக் கட்சியின் சின்னம் சேவல். அந்தச் சேவலுக்கு மேலே 'வெள்ளையர் மேலாதிக்கம்' என்று வாக்குச்சீட்டிலேயே அச்சடித்திருந்தார்கள். 1966இல்தான் அந்த வாசகத்தை எடுத்தார்கள். தலைவரி, எழுத்தறிவுத் தேர்வு, மிரட்டல் என்று பலவகைத் தடைகளால் பெரும்பாலான கறுப்பின மக்களால் ஓட்டே போட முடியாது. தேர்தலில் வரும் சட்ட அதிகாரி ஓட்டுப் போட்டவர்களுக்குத்தான் பதில் சொல்வார். ஓட்டுப் போட விடாமல் தடுக்கப்பட்டவர்கள் அவர் கணக்கிலேயே வர மாட்டார்கள். சூதாட்டக் கும்பலை எதிர்த்தால் ஓட்டு வந்தது, கறுப்பின மக்களின் சங்கத்தை முடக்கினாலும் ஓட்டு வந்தது. 1958இல் ஜார்ஜ் வாலஸைத் தோற்கடித்து ஜான் ஆளுநரே ஆகிவிட்டார், கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் ஆதரவோடு.

பிற்காலத்தில் அவர் தம் நிறப்பாகுபாட்டு அரசியலுக்கு வருத்தம் தெரிவித்தார். 2008இல் ஒபாமாவை ஆதரித்தார். 2021இல் 99 வயதில் காலமானார். அதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

திருவாரூர் வாசகி: எங்கள் மாவட்டத்து வம்சாவளியான கமலா ஹாரிஸும் இந்தப் பதவியில் இருந்தவர்தானே?

ஆமாம் அம்மா. துளசேந்திரபுரம் அவருடைய தாத்தாவின் ஊர். 2010 நவம்பரில் கலிஃபோர்னியா அட்டர்னி ஜெனரல் தேர்தலில் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்ட அரசு வழக்கறிஞர் ஸ்டீவ் கூலியை எதிர்த்து நின்றார். தேர்தல் இரவிலேயே கூலி தாம் ஜெயித்துவிட்டதாக அறிவித்துவிட்டார். தபால் ஓட்டுகளை எண்ண எண்ண நிலைமை மாறியது. மூன்று வாரம் கழித்துத்தான் கூலி தோல்வியை ஒப்புக்கொண்டார். சுமார் 74,000 ஓட்டு வித்தியாசம். 96 லட்சத்துக்கு மேல் ஓட்டுப் பதிவான தேர்தலில் அது ஒரு சதவீதம்கூட இல்லை. அந்தத் தேர்தலின்போது சென்னையில் இருந்த தம் சித்தியைத் தொலைபேசியில் அழைத்து, கோயிலில் தேங்காய் உடைக்கச் சொன்னார் கமலா. சித்தி பெசன்ட் நகர் பிள்ளையார் கோயிலில் 108 தேங்காய் உடைக்க ஏற்பாடு செய்தார். கமலாவின் தாய் சியாமளா கோபாலன் முந்தைய ஆண்டே காலமாகிவிட்டதால் மகள் பதவியேற்றதைப் பார்க்கவில்லை.

கலிஃபோர்னியாவில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண், முதல் கறுப்பினத்தவர், முதல் தெற்காசிய வம்சாவளியினர் அவர். 1954இன் அலபாமாவில் வாழ்ந்திருந்தால் ஒரு வாக்குச்சீட்டு வாங்கவே போராடியிருக்க வேண்டும்.

சேலத்திலிருந்து வியாபாரி: அப்படியானால் இங்கேயும் அரசு வழக்கறிஞரை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கலாமா, கூடாதா? உங்கள் முடிவைச் சொல்லுங்கள்.

கூடாது என்பதுதான் என் முடிவு. ஆனால் இப்போது இருப்பதும் சரியில்லை.

நியமனம் மட்டுமே இருந்திருந்தால் ஆல்பர்ட் பேட்டர்சனை எந்த ஆளுநரும் அந்தப் பதவியில் வைத்திருக்க மாட்டார். மாநிலத்தின் சாதாரண மக்கள்தான் அந்த 854ஐக் கொடுத்தார்கள். தேர்தலுக்கு ஆதரவாக இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. எதிராகச் சொல்ல மகன் ஜானின் கதையே போதும். நம் ஊரில் சாதி ஓட்டு எண்ணி அரசு வழக்கறிஞரைத் தேர்ந்தெடுத்தால், சிறுபான்மையாக இருக்கும் தெருவிலிருந்து வரும் வழக்கின் கதி என்ன என்பதை யோசித்தால் எனக்குத் தூக்கம் வராது.

பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற இன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 18ஆம் பிரிவில் ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது. மாவட்ட நிர்வாகம் அமர்வு நீதிபதியைக் கலந்தாலோசித்துத் தகுதியானவர்களின் பட்டியலைத் தயாரிக்க வேண்டும், அதிலிருந்துதான் நியமனம். அந்தப் பட்டியலை வெளிப்படையாகப் போடுங்கள். பதவிக்காலத்தை நிர்ணயித்து, ஆட்சி மாறியதும் ஆளை மாற்றுவதை நிறுத்துங்கள். ஒரு வழக்கைத் திரும்பப் பெற்றாலோ, முக்கியச் சாட்சியை விசாரிக்காமல் விட்டாலோ, காரணத்தை எழுத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். இதைச் செய்ய ஓட்டுப்பெட்டி தேவையில்லை.

நாகர்கோவிலிலிருந்து ஒரு தாய்: என் மகள் சட்டம் மூன்றாம் ஆண்டு. பாடப் புத்தகத்துக்கு வெளியே அவள் படிக்க ஒரே ஒரு தீர்ப்பைச் சொல்லுங்கள் என்றால் எதைச் சொல்வீர்கள்?

மேலே சொன்ன 1958ஆம் ஆண்டுத் தீர்ப்பையே படிக்கச் சொல்லுங்கள் அம்மா. வழக்கின் பெயரிலேயே அட்டர்னி ஜெனரல் பேட்டர்சனின் பெயர் இருக்கும். எழுதியவர் நீதிபதி ஹார்லன். நீளமான தீர்ப்பு இல்லை, ஒரு மாலைப் பொழுதில் முடித்துவிடலாம். பெயர்ப் பட்டியல் வெளியே போனால் மனிதர்கள் சங்கத்தில் சேரவே பயப்படுவார்கள் என்பதை அவர் எப்படிப் படிப்படியாகச் சொல்லிக்கொண்டு போகிறார் என்று கவனிக்கச் சொல்லுங்கள். படித்து முடித்ததும் சந்தேகம் வந்தால் மகளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள், அடுத்த இதழில் அதற்கென்று இடம் ஒதுக்கிப் பதில் தருகிறேன்.